வயோலா போய்ச்சேராத சிட்னி

ஒக்டோபர் 6, 2024 – ஞாயிறு, ஹலிபக்ஸ்

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். பெட்டி வரவில்லை.

ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியாலப் பறப்பு. அதற்குள் ஒரு பெட்டியைத் தொலைக்க முடியுமா என்றால், முடியுமாம். பெல்ற் சுற்றிச் சுற்றி ஓடிக் களைத்து, கடைசியில் யாரோ ஒருவரின் கோல்ஃப் பையும் நாங்களும்தான் மிஞ்சினோம். முறைப்பாட்டு மேசையில் இருந்த பெண் படிவம் ஒன்றைத் தந்து, "நாளைக்கு வந்துவிடும், மை டியர்" என்றாள். என் குளிர் அங்கி, காலுறைகள், நல்ல சப்பாத்து எல்லாம் அந்தப் பெட்டிக்குள். வெளியே ஒன்பது பாகை. காற்று கடலில் புறப்பட்டு நேரே காதுக்குள் நுழைகிறது.

கையில் கொண்டுவந்த சாப்பாட்டுப் பை மட்டும் தப்பியது. இருபத்தைந்து பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் இடிசம்பல்.

"அம்மா, உங்களுக்கு எது முக்கியம் எண்டு அவையளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள் மகள்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் பத்தொன்பது வருடமாகச் சின்னச் சலூன் ஒன்று நடத்துகிறேன். புருவம், பேஷியல், கலியாணப் பெண் அலங்காரம். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் ஊதா நிறப் பத்து டொலர் தாளை நீட்டி, "அக்கா, இது ஆர் புதுசா? ராணியின்ர சொந்தமோ?" என்று கேட்டார். தாள் நெடுக்காக நிற்கிறது, அதில் ஒரு கறுப்பினப் பெண். எனக்கும் தெரியாது. கல்லாவுக்குள் ஆயிரம் தடவை போட்டு எடுத்த தாள். அன்று பின்னேரம் மகள்தான் சொன்னாள்: வயோலா டெஸ்மண்ட், நோவா ஸ்கோஷியாக்காரி, 1946இல் திரையரங்கில் வெள்ளையர் இருக்கும் பகுதியில் இருந்ததற்காகச் சிறைக்குப் போனவர். "அவவும் உங்கட வேலைதான் அம்மா. சலூன் வச்சிருந்தவ."

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. திரையரங்குக் கதையைப் பிறகு எத்தனையோ இடத்தில் வாசித்தேன். சலூன் கதையை எல்லோரும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அன்று அந்தப் பெண் படம் பார்க்கவா வீட்டை விட்டுப் புறப்பட்டார்? வியாபார விஷயமாக ஹலிபக்ஸில் இருந்து சிட்னிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் கார் பழுதானது. அந்த வழியை ஒருமுறை முழுதாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. சிட்னி என்று சொன்னதும் சின்னம்மா, "ஒரு கிழமையில ஒஸ்ரேலியா போட்டு வரேலுமோ?" என்று கேட்டார். இது கனடாவின் கிழக்குக் கரையில், கேப் பிரெற்றன் தீவில் இருக்கிற சிட்னி, சின்னம்மா.

இரவுச் சாப்பாடு டொனேர். இந்த நகரம் 2015இல் அதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்திருக்கிறது. காரமான மாட்டிறைச்சி, தக்காளி, வெங்காயம், அதற்கு மேல் ஒரு வெள்ளைக் குழைவு. வாயில் வைத்தால் இனிப்பு! டின்பாலில் உள்ளியும் வினாகிரியும் போட்டு அடிக்கிறார்களாம். இறைச்சிக்கு டின்பால் ஊற்றலாம் என்று முதலில் நினைத்த மனிதரைச் சந்திக்க விருப்பம். மகள் முழுதும் சாப்பிட்டாள். நான் வெங்காயத்தைப் பொறுக்கினேன்.

விலை 11.99. இங்கே அப்போது வரி பதினைந்து வீதம் (2025 ஏப்ரலில் பதினான்காகக் குறைந்தது), ஒன்ராறியோவை விட இரண்டு கூட. மொத்தம் 13.79. காசாகக் கொடுத்தால் 13.80, ஏனென்றால் கனடாவில் 2013இல் இருந்து ஒரு சதக் குற்றி புழக்கத்தில் விடப்படுவதில்லை. வயோலாவின் வழக்கே ஒரு சத வரியைப் பற்றியது. அதை நியூ கிளாஸ்கோவுக்குப் போனபின் எழுதுகிறேன்.

ஒக்டோபர் 7 – திங்கள், ஹலிபக்ஸ்

பெட்டி மொன்றியலில் இருக்கிறதாம்.

மகளின் ஸ்வெற்றரை மாட்டிக்கொண்டு காலையில் காம்ப் ஹில் மயானம். வயோலா அங்கேதான் அடக்கம். முதலில் கண்ணில் பட்டது அவருடையது இல்லை, அலெக்சாண்டர் கீத் என்ற பழைய பியர் முதலாளியின் கல்லறை. முந்தாநாள் அவர் பிறந்தநாள், சுற்றிவரப் பியர் போத்தல் மூடிகள். மனிதர் செத்து நூற்றைம்பது வருடம், இன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. வயோலாவைத் தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் பிடித்தது. நாய் கூட்டிவந்த ஒரு பெண் வழிகாட்டினார். பூ கொண்டுவராதது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

பிறகு கொட்டிங்கன் வீதி. பத்து டொலர் தாளில் வயோலாவின் முகத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு வரைபடம் தெரியும், எடுத்துப் பாருங்கள். ஹலிபக்ஸின் வடமுனைத் தெருக்கள் அவை. இந்த வீதியும் அதற்குள் இருக்கிறது. இங்கேதான் அவருடைய சலூன் இருந்தது.

என் தொழிலில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயோலா 1914இல் இந்த நகரத்தில் பிறந்தவர். தகப்பன் கறுப்பினத்தவர், தலைமயிர் வெட்டும் தொழில். தாய் வெள்ளைக்காரி. வயோலா கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு அழகுக்கலை படிக்க ஆசைப்பட்டார். ஹலிபக்ஸில் கறுப்பினப் பெண்களை அதற்குச் சேர்க்கவில்லை. மொன்றியலுக்குப் போனார், பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். திரும்பிவந்து சலூன் திறந்தார். அடுத்ததாகத் தன் பெயரிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி. தான் பட்ட அலைச்சல் மற்றப் பெண்களுக்கு வேண்டாம் என்று நோவா ஸ்கோஷியாவில் இருந்தும் பக்கத்து மாகாணங்களில் இருந்தும் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். கறுத்த தோலுக்குப் பொருந்தும் முகப்பவுடர் கடைகளில் கிடைக்காததால் தானே தயாரித்து, தன் பெயர் போட்டு விற்றார்.

இந்தப் பவுடர் விஷயம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தொண்ணூறுகளில் நான் வேலை பழகிய கடையில் எங்கள் நிறத்துக்கு இருந்ததே இரண்டு டப்பாக்கள்தான். ஒன்று பூசினால் சாம்பல், மற்றது செம்மண். கலியாணப் பெண்ணுக்கு இரண்டையும் கலந்து ஒப்பேற்றுவோம். இவர் அதற்கு ஐம்பது வருடம் முந்தியே தானே நிறம் கூட்டியிருக்கிறார்.

வீதியில் பின்னல் போடும் சலூன் ஒன்று கண்ணில் பட்டது. குளிருக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் நடத்துகிறார். நானும் இதே தொழில்தான் என்றதும் ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். விலை கதைத்தோம். புருவத்துக்கு இங்கே பன்னிரண்டு டொலராம். ஸ்காபரோவில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு ஐந்துக்கு இறக்கிவிட்டோம் என்றேன். அவர் தலையில் கை வைத்தார். நூல் போடுவதைப் பார்த்ததில்லை என்றார். பெட்டி தொலைந்தாலும் நூல்கட்டை எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அவருடைய கடையில் வைத்து அவருக்கே புருவம் எடுத்துவிட்டேன். வலியில் கால் இரண்டையும் தூக்கினார், பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். காசு வேண்டாம் என்றேன். சும்மா விடாமல் ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து என் காது மூடும்வரை இழுத்துவிட்டார்.

வயோலாவைப் பற்றிக் கேட்டேன். "மற்றவர்களுக்கு அவர் திரையரங்குப் பெண். எங்களுக்கு அவர் ஒரு ஆசிரியை" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

கொஞ்சத் தூரம் நடந்தால் கொட்டிங்கன் வீதியை நோரா பெர்னார்ட் வீதி வெட்டுகிறது. 2023 வரை அதற்குப் பெயர் கோர்ன்வாலிஸ் வீதி. ஹலிபக்ஸை 1749இல் நிறுவிய ஆளுநர் எட்வேர்ட் கோர்ன்வாலிஸ், இந்த மண்ணின் மிக்மாக் மக்களைப் பிடித்தாலோ கொன்றாலோ தலைக்குப் பத்து கினி (பழைய ஆங்கிலேயப் பொற்காசு) தருவதாக அறிவித்தவர். அவர் பெயரைக் கழற்றிவிட்டு ஒரு மிக்மாக் பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ஊர்ப்பக்கம் நாளைக்குப் போகிறோம். அதே வீதியில்தான் பழைய கறுப்பினப் பப்ரிஸ்ற் தேவாலயம். வயோலா வழக்குக்கு நின்றபோது ஊரைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் அந்தச் சபைப் போதகரின் மனைவி பேர்லீன் ஒலிவர். கறுப்பினப் பெண்களைத் தாதியர் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று போராடியவரும் அவர்தான். அவர் படம் போட்ட காசு இல்லை.

பின்னேரம் துறைமுகப் படகு. டார்ட்மத்துக்கும் ஹலிபக்ஸுக்கும் இடையே ஓடும் படகுகளில் ஒன்றுக்கு வயோலா டெஸ்மண்ட் என்று பெயர். அதில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்து ஒரு படகை விட்டேன். அடுத்து வந்ததைப் பார்த்தால் றீட்டா ஜோ.

"அம்மா, குளிருது. ஏறுங்கோ. இவவும் ஆரோ பெரிய ஆள்தான்" என்றாள் மகள். ஏறினோம்.

வரும் வழியில் பழைய உடுப்புக் கடையில் ஒரு குளிர் அங்கி, பதினான்கு டொலர், வரியோடு 16.10. கையில் கொஞ்சம் நீளம். பொக்கற்றில் யாரோ விட்ட இருமல் மிட்டாய் ஒன்று.

ஒக்டோபர் 8 – செவ்வாய், நியூ கிளாஸ்கோ

பெட்டி ஹலிபக்ஸுக்கு வந்துவிட்டதாம். நாங்கள் புறப்பட்டு ஒரு மணித்தியாலம் கழித்துச் செய்தி. திரும்பிப் போவதா? மகள் ஸ்டியரிங்கில் இருந்து என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. "சிட்னிக்கு அனுப்பச் சொல்லுங்கோ."

விடாத தூறல். முதலில் ஷூபெனகடி. ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளி ஒன்று 1930இல் இருந்து 1967 வரை இங்கே இருந்தது. கட்டடம் 1986இல் எரிந்து, பிறகு இடித்தும் விட்டார்கள். மேடும் புல்லும் மழையும். அந்தப் பள்ளியில் இருந்த பிள்ளைகளில் ஒருவர்தான் நேற்றைய வீதிப் பெயர்க்காரி, நோரா பெர்னார்ட். தன்னைப் போல அங்கே சிறுவயதைத் தொலைத்தவர்களைத் தொண்ணூறுகளில் ஒவ்வொருவராகச் சேர்த்து வழக்குப் போட்டார். நாடு முழுதும் இருந்த இப்படிப்பட்ட வழக்குகள் ஒன்றுசேர்ந்துதான் 2006இன் பெரிய இணக்கம் வந்தது. ஏறத்தாழ 79,000 பேருக்கு நட்டஈடு. கனடாவின் சரித்திரத்தில் அதற்கு முன் அவ்வளவு பெரிய குழு வழக்கு இணக்கம் இல்லை. அடுத்த வருடமே, 2007 டிசம்பரில், நோரா கொலை செய்யப்பட்டார். காரில் திரும்பி ஏறும்போது மகள் எதுவும் பேசவில்லை. ட்ரூரோ வரை வானொலியும் போடவில்லை.

ட்ரூரோ எனக்குப் பிடித்துவிட்டது. நோயில் பட்டுப்போன எல்ம் மரங்களை வெட்டி எறியாமல், நின்றபடியே ஆட்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். போர்ஷியா வைட் பிறந்த ஊர் இது. 1944இல் நியூயோர்க் ரவுன் ஹோலில் பாடிப் பேரெடுத்த கறுப்பினப் பாடகி. அதற்கு முன் அவரும் ஆசிரியை, ஹலிபக்ஸ் ஓரத்துக் கறுப்பினக் குடியிருப்பான ஆஃப்ரிக்வில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். கிழங்கு சூப்பும் ஓட்ஸ் கேக்கும் சாப்பிட்டோம். சூப்புக்கு இடிசம்பல் போட்டதைப் பரிமாறிய பெண் பார்த்துவிட்டு, மணந்துபார்க்கலாமா என்று கேட்டாள். மணந்தாள், தும்மினாள், மன்னிப்பும் கேட்டாள். இந்த மாகாணத்தில் தும்மலுக்குக்கூட மன்னிப்புக் கேட்கிறார்கள்.

நியூ கிளாஸ்கோ வந்தபோது மூன்றரை மணி. புறோவொஸ்ற் வீதியில் ரோஸ்லன்ட் திரையரங்கு இருந்த இடத்தைத் தேடினோம். இப்போது அங்கே படம் ஓடுவதில்லை. குடையோடு நின்ற ஒரு முதியவரைக் கேட்டேன். கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். எங்களோடு நடந்தே வந்து, குடையை என் பக்கம் சரித்துப் பிடித்து, தன் தோள் நனைய அந்த மூலையில் கொண்டுபோய் விட்டார். "நான் இந்த ஊரில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

1946 நவம்பர் 8. கார் பழுது, பாகம் வர மறுநாளாகும் என்றார்கள். இரவைக் கழிக்க வேண்டும், வயோலா படத்துக்குப் போனார். கீழ்த்தளத்துக்கு ஒரு ரிக்கற் கேட்டார். கிட்டப்பார்வை, மேலே இருந்தால் திரை தெரியாது. பெற்ற ரிக்கற்றோடு உள்ளே போய் இருந்தபின்தான், அது பல்கனிக்கு உரியது என்று சொல்லி எழும்பச் சொன்னார்கள். திரும்பிப் போய் மிச்சக் காசைத் தருகிறேன், மாற்றித் தாருங்கள் என்றார். உங்களைப் போன்ற ஆட்களுக்குக் கீழ்த்தள ரிக்கற் விற்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. வயோலா திரும்பவும் உள்ளே போய் அதே கதிரையில் இருந்தார்.

முகாமையாளரும் பொலிஸ்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோனார்கள். இடுப்பில் அடி. ஒரு சப்பாத்து கழன்றது. பன்னிரண்டு மணித்தியாலம் சிறைக்கூடத்தில். வெள்ளைக் கையுறையைக் கழற்றாமல், முதுகை நிமிர்த்தி, விடியும்வரை இருந்தாராம்.

கூத்து என்னவென்றால், திரையரங்கில் கறுப்பினத்தவர் மேலேதான் இருக்க வேண்டும் என்று நோவா ஸ்கோஷியாவில் சட்டமே இல்லை. பிறகு எதை வைத்துக் குற்றம் சாட்டுவது? வரி. கீழ்த்தள ரிக்கற்றில் களியாட்ட வரி மூன்று சதம், பல்கனி ரிக்கற்றில் இரண்டு சதம். மாகாண அரசை ஒரு சதம் ஏமாற்றினார் என்று வழக்கு. கூடக் காசு தருகிறேன் என்று நின்றவர் மேல்! சட்டத்தரணி இல்லை. தண்டம் 20 டொலர், செலவு 6 டொலர். விசாரணையில் நிறம் என்ற பேச்சே எழவில்லை. மேன்முறையீடும் 1947இல் நடைமுறைக் காரணங்களால் அடிபட்டுப்போனது.

கனடாவின் ரோசா பார்க்ஸ் என்று இவரை எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், வெள்ளையருக்கு இடம் விட்டு பஸ்ஸில் எழும்ப மறுத்தது 1955இல், ஒன்பது வருடம் பிந்தி. முந்திச் செய்தவளைப் பிந்திச் செய்தவளின் பெயரால் கூப்பிடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது?

வயோலாதான் முதல் ஆளும் இல்லை. இதே ஊர்க்காரி கெரி பெஸ்ற், 1941 டிசம்பரில் இதே ரோஸ்லன்டின் கீழ்த்தளத்தில் மகனோடு போய் இருந்து, வெளியேற்றப்பட்டு, திரையரங்கின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றவர். எதிராளியின் செலவையும் இவர்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1946இல் த கிளாரியன் என்று சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். வயோலாவின் சேதியை அந்தப் பத்திரிகைதான் முன்பக்கத்தில் தூக்கிப் போட்டது. முதல் தடவை அடி வாங்கியவர், இரண்டாவது அடி விழுந்தபோது அச்சு எழுத்தோடு தயாராக நின்றார். 2011இல் தபால் முத்திரையில் அவர் படம் வந்தது. நான் இந்த நாட்டில் முத்திரை ஒட்டியே வருடக்கணக்காகிறது.

இரவு பீட்ஸா. இந்தப் பகுதியில் தக்காளிச் சாறு இல்லை, மண்ணிறக் குழம்பு பூசுகிறார்கள். கிட்டத்தட்ட மிளகு குறைந்த இறைச்சிக் குழம்பு. நல்லாயிருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நல்லாயிருந்தது. மோட்டல் அறையில் ஹீற்றர் இரவு முழுதும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தது.

ஒக்டோபர் 9 – புதன், வழியில்

வெயில்! மேப்பிள் எல்லாம் பற்றி எரிகிற நிறம். கன்சோ பாலத்தெருவால் கேப் பிரெற்றன் தீவுக்குள் நுழைந்தோம். கல்லைக் கொட்டிக் கடலை மூடிய வீதி, 1955இல் திறந்தது. வயோலாவின் காலத்தில் பாலத்தெரு இல்லை. கார் பழுதாகாமல் இருந்திருந்தால் இந்த நீரிணையில் படகுக்குக் காத்திருந்திருப்பார்.

பெருமையாகக் கதைத்துக்கொண்டு போன எங்களுக்கு வைக்கோகமா தாண்டாமல் டயர் வெடித்தது. ஊதிய பலூனைக் குத்திய சத்தம். வாடகைக் காரின் மேலதிக டயரை எடுத்துப் பார்த்தால் குழந்தைப்பிள்ளைச் சைக்கிள் டயர் மாதிரி ஒன்று. அதையும் எனக்குப் பூட்டத் தெரியாது. மகள் கைபேசியில் வீடியோ தேடினாள், சிக்னல் இல்லை. பத்து நிமிடத்துக்குள் ஒரு பிக்கப் நின்றது. இறங்கியவர் மிக்மாக், அறுபது வயது இருக்கும். ஒன்றும் கேட்காமல் ஜாக்கியைப் போட்டார். முடிந்ததும் காசை நீட்டினேன், வாங்கவில்லை. வடையை நீட்டினேன். அதை வாங்கினார். கடித்தார், யோசித்தார், இன்னொன்று எடுத்தார். இதை யார் செய்தது என்று கேட்டு, நான் என்றதும், பெற்றோல் நிலையக் கடையில் லுஸ்கினிகன் வாங்கிச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார்.

லுஸ்கினிகன் என்றால் மிக்மாக் ரொட்டி. தடித்த ரொட்டி, இளஞ்சூடு, பட்டர் பூசித் தந்தார்கள். தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்தால் எங்கள் ரொட்டிதான். இரண்டு பேருக்கும் தேத்தண்ணியோடு ஒன்பது டொலர் சொச்சம். அங்கே நின்ற பிள்ளையிடம் நன்றிக்கு அவர்களுடைய சொல்லைக் கேட்டேன். வெலாலின். இரண்டு தரம் திருத்தினாள்.

படகில் கண்ட றீட்டா ஜோ பிறந்தது இந்த வைக்கோகமாவில், 1932இல். ஐந்து வயதில் தாய் இறந்துவிட்டார். வீடு வீடாக மாறி வளர்ந்து, பன்னிரண்டாவது வயதில் தானே கடிதம் எழுதி ஷூபெனகடி விடுதிப் பள்ளியில் சேர்ந்தவர். அங்கே போனால் மிக்மாக் மொழி பேசக் கூடாது. பிறகு எஸ்கசோனி என்ற மிக்மாக் ஊரில் பிள்ளைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டு கவிதை எழுதினார். முதல் தொகுதி 1978இல் வந்தது. என் பேச்சைத் தொலைத்தேன் என்று அர்த்தம் வரும் ஆங்கிலக் கவிதைதான் அவருடையதில் பலரும் அறிந்தது. எந்த மொழி பறித்ததோ அந்த மொழியிலேயே போய்க் கேட்டிருக்கிறார்.

காரில் மகள், "எங்கட தமிழும் அப்பிடித்தானே அம்மா போகுது" என்றாள். இல்லை என்றேன். எங்களுடையது சனிக்கிழமை வகுப்புக்குப் போகப் பஞ்சிப்பட்டுத் தேய்வது. அவர்களுடையது அடித்துப் பறித்தது. இரண்டையும் ஒரு தராசில் வைக்காதே. கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போல, எஸ்கசோனி வரும்வரை முகம் தூக்கிக்கொண்டிருந்தாள். எஸ்கசோனியில் வீதிப் பலகைகளில் மிக்மாக் மொழி. அதை எழுத்துக்கூட்டி வாசிக்கப் போய் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிராடோர் ஏரி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. ஏரி என்கிறார்கள், தண்ணீர் உப்பு.

சைக்கிள் டயரோடு எண்பதுக்கு மேல் ஓட முடியாது. சிட்னி வந்து சேர இருட்டிவிட்டது.

ஒக்டோபர் 10 – வியாழன், சிட்னி

பெட்டி இன்றைக்கும் இல்லை. பிழையான விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். டயர் மாற்ற இருநூற்றுப் பத்து டொலர். காப்புறுதி இதற்குச் செல்லாதாம். இனி நான் எதையும் எதிர்பார்ப்பதாக இல்லை.

வயோலா வந்து சேர்ந்திருக்க வேண்டிய ஊரில் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது விற்னி பியர் பகுதி. இரும்பாலை வேலைக்காக மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய இடம். ஆலை 2001இல் மூடிவிட்டது, அதன் கழிவு கிடந்த நிலம் இப்போது பூங்கா. அங்கே சின்னத் தேவாலயம் ஒன்று, புனித பிலிப்பு ஆபிரிக்க ஓர்த்தடொக்ஸ். கனடாவிலேயே அந்தச் சபைக்கு இது ஒன்றுதான். பூட்டியிருந்தது. படியில் இருந்து மிச்ச வடையைச் சாப்பிட்டோம்.

இந்தத் தேவாலயத்தின் போதகருக்கு 1946 பெப்ரவரியில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஒன்பது மாதம் கழித்துத்தான் நியூ கிளாஸ்கோச் சம்பவம். அந்தப் பிள்ளை மயான் பிரான்சிஸ், வளர்ந்து நோவா ஸ்கோஷியாவின் முதல் கறுப்பின லெப்ரினன்ற் கவர்னர், அதாவது மாகாணத்தில் முடியின் பிரதிநிதி, ஆனார். 2010 ஏப்ரல் 15ஆம் திகதி வயோலாவின் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அவர்தான். குற்றவாளிக்குத் தருகிற மன்னிப்பு அல்ல, குற்றமே நடக்கவில்லை என்று அரசு ஒப்புக்கொள்வது. கனடாவில் ஒருவர் இறந்தபின் அப்படிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. வயோலா வியாபாரத்துக்காக இந்த ஊருக்கு வரவிருந்த 1946இல் மயான் இங்கே கைக்குழந்தை. இதை மகளுக்குச் சொன்னபோது அவள் வடையைக் கையில் வைத்தபடியே தேவாலயக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

வயோலா அதைக் காணவில்லை. வழக்குத் தோற்றபின் குடும்பமும் உடைந்தது, சலூனும் போனது. மொன்றியலுக்குப் போய், பிறகு நியூயோர்க்குக்குப் போய், அங்கேயே 1965இல் இறந்தார். ஐம்பது வயது. அந்தப் பள்ளியில் இருந்து இன்னும் எத்தனை பெண்கள் வெளியே வந்திருப்பார்கள், எத்தனை ஊரில் கடை போட்டிருப்பார்கள்? ஒரு சதத்துக்குப் போனது அதுதான்.

கதையை மீட்டெடுத்தது தங்கை வாண்டா றொப்சன். அக்காவுக்கு நடந்ததை இளவயதில் வெட்கமாக நினைத்தவர், எழுபது தாண்டிய பிறகு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்து, 2004இல் பட்டம் வாங்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார். 2021இல் மாகாண அரசு பழைய 26 டொலரை இன்றைய பெறுமதிக்குக் கணக்கிட்டு, அதை ஆயிரம் டொலராகக் கூட்டி, அதே பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசிலாகக் கொடுத்தது. ஒரு மாணவி கடிதம் எழுதிக் கேட்டதால்தான் அதுவும். பகல் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய பையன் கேரளத்துக்காரன், அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறான். வயோலா யார் என்று தெரியும் என்றான், குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கிற நண்பன் சொன்னானாம். எங்களுக்குக் கூடுதலாகச் சோறு வைத்தான்.

பின்னேரம் பெரிய தெருவில் ஒரு சலூன். நான்கு நாளாகச் சரியாகத் தலை முழுகவில்லை, என் ஷாம்பு பெட்டிக்குள். உள்ளே போய் இருந்தேன். பத்தொன்பது வருடத்தில் மற்றவர் கடைக் கதிரையில் நான் இருந்தது மூன்றோ நான்கோ தடவைதான். இளம்பெண், கை பதமான கை, தண்ணீர்ச் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டுத்தான் என் தலையில் விட்டாள். அப்படிச் செய்பவர்களை நான் உடனே வேலைக்கு எடுப்பேன். நரைக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டாள்.

கழுவி, நுனி வெட்டி, காயவைக்க முப்பத்தெட்டு டொலர், வரி வேறு. கார்ட்டில் கட்டினேன். டிப்ஸுக்கு, ஹலிபக்ஸில் இருந்து செலவழிக்காமல் வைத்திருந்த ஊதாத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"ஓ, தாங்க்யூ, டியர்" என்று வாங்கி, மடித்து ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டாள். யார் படம் என்று பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நானும் ஒரு கணம் நின்றேன். அதற்குள் வாசலில் நனைந்தபடி அடுத்த ஆள் வந்துவிட்டார், அவள் துவாயை உதறிக் கதிரையைத் திருப்பினாள்.

வெளியே வந்தபோது மகளின் கைபேசியில் தகவல். பெட்டி கிடைத்துவிட்டதாம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறதாம்.